மணல் காவல்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? "நன்றாக இருக்கிறேன்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதே. போன முறை அப்படித்தான் எழுதினாய். பிறகு மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், "அந்தப் பத்து நாள் காய்ச்சலின்போது" என்று ஒரு வரி வந்தது. இங்கே எனக்கு முழங்கால் வலி. உன் அத்தானுக்கு என் முழங்கால் வலியைக் கேட்டுக் கேட்டுக் காது வலி. மற்றபடி இருவரும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் அங்கே வரப்போகிறேன்.

ஆமாம், நான்தான். நீ அந்தக் கடலோரத் தேசியப் பூங்காவில் காவலராகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறாய், ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு சாக்கு சொல்கிறேன். முப்பத்தொரு வருஷமாகப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், உன் பூங்கா வாசலில் நிற்கும் வண்டியில் ஒரு நாள் ஏறியதில்லை. காலை ஆறு பத்துக்குக் கிளம்பி மதியம் இரண்டு ஐம்பதுக்கு வந்து சேரும் வண்டி. அந்த நேரத்தைக் குறித்ததும் நான்தான்.

நீ அனுப்பிய படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீளமாக ஒரு மணல் திட்டு, சுற்றிலும் தண்ணீர், திட்டு முழுக்க வெள்ளைப் பறவைகள். கோப்பு எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். நானும் தினமும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் போதாது என்று தோன்றிவிட்டது.

எந்த மாதம் வரலாம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் குடிலில் போன் எடுக்காது என்பதால் நமக்குள் கடிதமாவது பிழைத்திருக்கிறது. சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வலது தோளில் மட்டும் தொலைநோக்கி தொங்கும் இடத்தில் ஒரு பிடிப்பு. மூன்றாம் பக்கத்தில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. அத்தான் காதுக்குப் பஞ்சு அனுப்பவா?

தபால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. உன் கடிதத்தைப் படகில் நின்றுகொண்டே படித்தேன். நீ சொன்னபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கால் இடறி விழப்பார்த்தேன். படகுக்காரர், "என்ன, வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா?" என்று பதறினார். "அக்கா வருது" என்றேன். "அதுக்கா இப்படி?" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

செப்டம்பரில் வா அக்கா. அதற்கு முன் முடியாது. ஏப்ரலிலிருந்து ஆலாக்கள், படத்தில் நீ பார்க்கும் அந்த வெள்ளைப் பறவைகள், அந்தத் திட்டில் முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. நெஞ்சை வைத்து மணலில் ஒரு சின்னக் குழி பறிக்கும், அதில் இரண்டு முட்டை. முட்டையும் மணல் நிறம். தெரியாமல் ஒரு ஆள் நடந்தால் பத்து அடிக்கு ஐந்து முட்டை போய்விடும். அதனால் குஞ்சுகள் பறந்து போகும்வரை அங்கே மனிதக் கால் படக் கூடாது. என் கால் மட்டும் படலாம். அதுவும் முதல் நாள் நடந்த அதே தடத்தில்தான்.

கரையிலிருந்து திட்டு ஒன்றரைக் கிலோமீட்டர். தண்ணீர் வடியும்போது கணுக்கால் ஆழத்தில் நடந்தே போகலாம். திட்டின் நீளம் எழுநூற்று நாற்பது தப்படி, அகலம் தொண்ணூற்றாறு. இன்று முன்னூற்றுப் பன்னிரண்டு ஆலாக்கள் வந்து உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து உட்காரும், காற்றுக்கு எதிராக. உன் பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்கச் சொன்னால் மனிதர்கள் இப்படி நிற்பார்களா?

இப்படிக்கு,
மணல் காவல்காரன்


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தொலைநோக்கியை இடது தோளில் மாட்டு. இதைச் சொல்லவும் ஒரு அக்கா வேண்டியிருக்கிறது. இங்கே முழங்கால் தேவலை. அத்தான் வரவில்லை. அவருக்கு வாளித் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும். "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, நான் நம்புறேன்" என்கிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நெஞ்சால் குழி பறிக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அத்தானுக்கு வாசித்தும் காட்டினேன். கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெயர் வேண்டாம். அதை வைத்தவள் நான்தான், எடுக்க வேண்டியவளும் நான்தான். நேரில் பேசிக்கொள்வோம்.

இதோ திட்டம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கடல் ஏறி இறங்கும் நேரப் புத்தகம் வாங்கினேன். செப்டம்பர் 23, தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் நேரம் காலை 9.10 என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க நாற்பத்தைந்து நிமிஷம். ஆகவே 8.25க்குத் தண்ணீரில் கால் வைக்கிறோம், 9.10க்குத் திட்டில் நிற்கிறோம். பத்து மணிவரை பார்க்கிறோம். 10.45க்குக் கரை. டீ. முதல் நாள் இரவு பூங்கா விடுதியில் படுக்கை. எந்த இடத்திலும் யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நகல் இணைத்திருக்கிறேன், குடிலில் ஒட்டிவை.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், இடது தோளுக்கு மாற்றினேன். இப்போது இரண்டு தோளும் வலிக்கிறது. மற்றபடி குறைவில்லை.

உன் திட்டத்தைச் சுவரில் ஒட்டியாயிற்று. இவ்வளவு அழகான அட்டவணையை நான் பார்த்ததில்லை அக்கா, சத்தியமாக. டீக்குக்கூட ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். படகுக்காரர் அதன் முன்னால் நின்று, "உங்க அக்கா கடலுக்கே டைம் டேபிள் போட்டுடுவாங்க போல" என்றார். ஒரே ஒரு சிக்கல். இதன்படி நடந்தால் திட்டுக்குப் பாதி வழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

நீ வாங்கிய புத்தகம் துறைமுகத்துக்கு உரியது. கடல் ஒன்றுதான், ஆனால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நிமிஷத்தில் வடியாது. எங்கள் கழிமுகம் வளைந்து உள்ளே போவதால் இங்கே நாற்பது நிமிஷம் தாமதம். உன் 9.10 எனக்கு 9.50. உன் வண்டி முதல் நிறுத்தத்தில் கிளம்பும் நேரத்தை வைத்துக்கொண்டு நாலாவது நிறுத்தத்தில் போய் நிற்பாயா? முப்பத்தொரு வருஷ அனுபவசாலி செய்கிற காரியமா இது?

அது மட்டும் இல்லை. இன்றைக்கு 9.50 என்றால் நாளைக்கு அதே நேரம் இல்லை. ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். ஆழமும் நாளுக்கு நாள் மாறும். நிலா பாதியாகத் தெரியும் நாட்களில் பேருக்குத்தான் வடியும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள்தான் நன்றாக வற்றும். செப்டம்பர் 23 அப்படி ஒரு நாள். தெரியாமலே சரியான நாளைப் பிடித்திருக்கிறாய்.

இன்று முதல் முட்டை. திட்டின் தெற்கு முனையில் ஒரே ஒரு குழி, இரண்டு முட்டை. பறவைகள் ஐந்நூற்று எழுபத்தொன்று.

இப்படிக்கு,
மணல் காவல்காரன் (மன்னிக்கவும், பழகிவிட்டது)


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு தோளும் எப்படி? இங்கே எல்லாரும் நலம், நான் மட்டும் அவமானத்தில் இருக்கிறேன். முதல் நிறுத்தத்து நேரத்தை நாலாவது நிறுத்தத்தில் தேடிய கதையை அத்தான் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் படித்தேன். சமையலறைச் சுவரில் வருஷக் கடைசிவரைக்கும் கடல் அட்டவணை போட்டிருக்கிறேன். துறைமுக நேரம், நாற்பது நிமிஷம் கூட்டினால் உன் நேரம், பக்கத்தில் நிலா. காலையில் அடுப்பில் தண்ணீர் வைக்கும்போது, இப்போது தம்பி திட்டில் கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக நீ இதைச் செய்துகொண்டிருக்கிறாய், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் அட்டவணை போட்டால் வண்டி அதற்குக் கட்டுப்படும். நீ உனக்குக் கட்டுப்படாத ஒன்றின் நேரத்தைப் பிடித்து, அதற்குள் உன் வேலையை முடிக்கிறாய். நான் அப்படி ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

விடுப்பு கிடைத்துவிட்டது. தண்ணீரில் நடக்க ரப்பர் செருப்பு வாங்கிவிட்டேன். அத்தான் அதைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்தார்.

நேரில் சொல்லலாம் என்று இருந்ததை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் வழியெல்லாம் அதுவே உருண்டுகொண்டிருக்கும். பெரிய மாமா வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், நீ புதுச் சீருடையில் வந்தாய். அத்தை, "என்னப்பா வேலை?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான், "மணலைக் காவல் காக்குறான், யாராவது அள்ளிக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்றேன். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். மறுநாள் முதல் வண்டியில் கிளம்பிப் போய்விட்டாய். அந்தப் பெயர் உறவு முழுக்க ஒட்டிக்கொண்டது. இவ்வளவு வருஷம் நான் அங்கே வராததற்குக் காரணம் வேலை இல்லை தம்பி. எந்த முகத்தோடு வருவது என்று தெரியாததுதான்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் சரியாகிவிட்டது. ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு உறிஞ்சிக்கொள்ளும். வெறும் கால்தான் நல்லது. வாங்கியதை அத்தானிடம் கொடு, குளியலறைக்கு ஆகும்.

மாமா வீட்டுக் கூடத்தை விடு அக்கா. நீ சொன்னது பொய்யில்லையே.

கேள். இந்த வருஷம் ஆயிரத்து நூற்று எண்பத்தாறு குழிகள். நான் சேர்ந்த வருஷம் நாற்பத்திரண்டு. அப்போது படகுகள் திட்டில் ஏறி நிற்கும், ஆட்கள் நாயோடு வருவார்கள், பந்து விளையாடுவார்கள். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கயிறு கட்டினேன். முதல் நாலு வருஷம் ஒருவரும் மதிக்கவில்லை. இன்றைக்குப் படகுக்காரர்களே ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்கிறார்கள்.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்டன. முதல் முறை பறக்கிறது என்று அதற்கே தெரியாது. காற்றில் இறக்கையை விரித்து நிற்கும், காற்று தூக்கிவிடும், பயந்துபோய் உடனே உட்கார்ந்துவிடும். பிறகு சுற்றிலும் பார்க்கும், யாராவது பார்த்தார்களா என்று. நான் பார்த்தேன். இந்த வருஷம் பார்த்ததையெல்லாம் உனக்குச் சொல்வதற்காகவே பார்த்தேன்.

குடிலுக்கு இரண்டாவது நாற்காலி வாங்கிவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் முறை. இத்தனை நாள் என்னதான் செய்தாய் என்று யாராவது கேட்டால், கூட்டிக்கொண்டு போய்க் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை அக்கா. அந்தத் திட்டு ஒன்றுதான். வா.

மணல் காவல்காரன்


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆகஸ்ட் கடைசியில் புயல் என்று ரேடியோவில் கேட்டுப் பதறியிருந்தாய். காற்று கொஞ்சம் அடித்தது, அவ்வளவுதான். குடிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 23 முடியாது போலிருக்கிறது. படகு இயந்திரம் பழுது. வேலையும் அதிகம். கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஒன்றும் இல்லை என்று படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது. பன்னிரண்டு நாள் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக்கொண்டிருந்தேன். அவர் இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்.

இயந்திரம் பழுதானால் ஆகிவிட்டுப் போகட்டும். தள்ளி வைக்கிறோம். அடுத்த அமாவாசையை ஒட்டிய நல்ல நாள் அக்டோபர் 22. சுவரில் பார்த்துவிட்டேன். உன் நேரம் 9.50. மேலதிகாரியிடம் விடுப்பை மாற்றச் சொன்னேன். "மூணு மாசம் முன்னாடி நீங்கதானே, அந்தத் தேதிய விட்டா கடல் இருக்காதுங்கிற மாதிரி பேசினீங்க?" என்றார். விடுப்புப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஆலாக்கள் இப்போது எத்தனை? குஞ்சுகளில் எத்தனை பறந்தன? நீ எழுதவே இல்லையே.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் குறைந்திருக்கிறது.

அக்டோபர் 22 பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் சரியாக வடியாது அக்கா. நீ அவ்வளவு தூரம் வந்து கரையில் நின்றுவிட்டுப் போவதாக ஆகிவிடும். முழங்கால் வலியோடு வேறு இருக்கிறாய். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே. அவசரம் என்ன.

படகுக்காரர் விசாரித்தார்.

தம்பி


அக்டோபர் 6

தம்பி,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 22 தண்ணீர் வடியாதாம். யார் காதில் பூச் சுற்றுகிறாய்? அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் நன்றாக வற்றும் என்று ஏப்ரலில் எனக்கு எழுதியது யார்? என் சமையலறைச் சுவரை வந்து பார். இந்த மூன்று மாதத்திலேயே மிகக் கீழே இறங்கும் நாள் அதுதான். வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பொய் சொல்வதென்றால் நீயே எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கில் சொல்லலாமா? கையும் களவுமாக மாட்டிக்கொண்டாய். நடந்தே போகிற இடத்துக்குப் படகு இயந்திரம் எதற்கு என்று நான் செப்டம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். செப்டம்பருக்கு முன்னால் எண் இல்லாத கடிதமே நீ எழுதியதில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்று எழுபத்தொன்று, ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. செப்டம்பரிலிருந்து ஒரு எண்கூட இல்லை. கையெழுத்தும் மாறிவிட்டது. அந்தப் பெயரைப் போடாதே என்று நான் கேட்டபோது விடாமல் போட்டாய். இப்போது வெறும் "தம்பி".

இரண்டு நாள் யோசித்தேன். என் புத்திக்கு ஒன்றுதான் எட்டியது. ஜூனில் நான் பழையதைக் கிளறியது உனக்கு வலித்திருக்கிறது. நான் வந்து நின்றால், மறுபடியும் நான் ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவேனோ என்று பயப்படுகிறாய். பயப்பட உனக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கு நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தப்பு என்னுடையது தம்பி. எட்டு வயது மூத்தவள், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் வருவது பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுது, தாங்கிக்கொள்கிறேன். கடலின் மேல் மட்டும் பழி போடாதே.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் புது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உனக்காக வாங்கியது, முதலில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டு போய்விட்டது அக்கா.

ஆகஸ்ட் 24, 25 இரண்டு நாள் காற்று. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வடியும் நேரத்துக்குப் போனேன். வடிந்தது. திட்டு இல்லை. திசை தவறிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பிக் கரையைப் பார்த்தேன், குடில் சரியான இடத்தில்தான் இருந்தது. மறுபடியும் நடந்தேன். எழுநூற்று நாற்பது தப்படி, முழுவதும் முழங்கால் தண்ணீர். ஒரு கைப்பிடி மணல் மேலே இல்லை.

குஞ்சுகள் எல்லாம் அதற்குப் பதினொரு நாள் முன்பே பறந்துவிட்டன. அந்த ஒன்றுக்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவை அடுத்த ஏப்ரலில் எங்கே வரும்? நோட்டைத் திறக்கவே இல்லை அக்கா. எதை எண்ணுவது? காலையில் எழுந்து சீருடை போட்டுக்கொள்கிறேன், கரைவரை போகிறேன், திரும்பி வருகிறேன்.

உன்னிடம் எப்படி எழுதுவது? பத்தொன்பது வருஷம் கழித்து நீ பார்க்க வருகிறாய், அந்த வருஷம் பார்த்தா அது போக வேண்டும்? மணலைக் காவல் காக்கிறான் என்று நீ சொன்னாய். கடைசியில் யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் பார், அதைக்கூட என்னால் காக்க முடியவில்லை. இதை நினைத்து நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். நான்தான் ஒரு நாள் தனியாகச் சிரித்தேன், நன்றாக இல்லை.

அதனால் வராதே அக்கா. காட்ட ஒன்றும் இல்லை. அத்தானையும் உன் முழங்காலையும் பார்த்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ இன்னொரு சாக்கு கண்டுபிடித்திருப்பாய். அதனால்தான் பேசாமல் ஆறு பத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் வந்து சேர்ந்தேன், நலம். முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அத்தானுக்கு எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, சொன்னபடி நம்பிவிட்டார். பாதத்தில் இன்னும் மணல் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

உன் கூடவே இருந்தேன் என்றாலும், நீ பார்க்காததையும் நான் பார்த்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பூங்கா வாசலில் இருந்தவர் ரேடியோவில், "உங்க அக்கா வந்திருக்காங்க" என்றாரே, அப்போது உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். நான், "பழுது இல்லைங்க, அவன் அப்படித்தான்" என்றேன். நல்ல வேளை, நீ வந்து சேருவதற்குள் நான் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் காலை நீ முன்னால் நடந்தாய், நான் பின்னால். ஒன்றரைக் கிலோமீட்டரும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் கால் படப்போகும் இடத்தையெல்லாம் முதலில் உன் கோலால் குத்திப் பார்த்துக்கொண்டே போனாய். அது உனக்குத் தெரியுமா? காலியான தண்ணீரில்கூட உன் பழைய தடத்திலேயே நடந்தாய். மிதிக்க அங்கே ஒரு முட்டை இல்லை, ஆனாலும் நடந்தாய். அந்த இடத்தில் நான் உன்னைப் பார்த்து அசந்துபோனேன். திட்டு இருந்திருந்தால் திட்டைத்தான் பார்த்திருப்பேன்.

"இங்கதான் தொடங்கும்" என்று தண்ணீரைக் காட்டினாய். "இது தெற்கு முனை, முதல் முட்டை இங்கதான்" என்றாய். எல்லாம் தண்ணீர். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். "அவ்வளவுதான்க்கா, பார்த்தாச்சுல்ல, போகலாம்" என்றபோது மணி 9.38. நான் போக விடவில்லை. உனக்கு எரிச்சல் வந்தது.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு."

"எதுக்குக்கா?"

"9.50ன்னு நீதானே சொன்னே. வண்டி கிளம்புற நேரத்துக்கு முன்னாடி நிலையத்தை விட்டுப் போற பழக்கம் எனக்குக் கிடையாது."

வேறு எந்தக் காரணமும் இல்லை தம்பி, சும்மா பிடிவாதம்தான். எனக்கு முன்கூட்டியே ஏதோ தெரியும் என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறாராமே, அதெல்லாம் கதை. நான் தெற்குப் பக்கம் திரும்பி நின்றது வெயில் கண்ணில் படாமல் இருக்க.

"அது என்னடா வெள்ளையா?" என்றேன். "நுரை" என்றாய், பார்க்காமலே. "நுரை பறக்குமாடா?" என்றேன்.

பிறகு தொலைநோக்கி உன் கண்ணுக்குப் போனது. பத்து நிமிஷம் என்னிடம் தரவே இல்லை. நான் கேட்டது உன் காதில் விழவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு மணல், ஒரு வீட்டுக் கூடத்து அகலம் இருந்தால் அதிகம். அதன் மேல் ஆலாக்கள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. நீ முணுமுணுத்ததை நான் கேட்டேன். "இங்கயா வந்து கிடக்குற" என்றாய். பறவைகளைச் சொன்னாயா, மணலைச் சொன்னாயா என்று கேட்கவில்லை. உன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பென்சிலைத் தேடியது. பென்சில் இல்லை. நோட்டும் இல்லை. கடைசியில் என் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் என் பேனாவால் எழுதினாய். அறுபத்து நாலு. நான் எண்ணியபோது அறுபத்தொன்று. இன்னும் சொல்கிறேன், பறந்து வந்து உட்கார்ந்த மூன்றை நீ இரண்டு தடவை எண்ணிவிட்டாய்.

முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது, பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. "இது நிக்குமான்னு தெரியாதுக்கா. அடுத்த காத்துல இதுவும் போகலாம். நின்னா, வளர நாலஞ்சு வருஷம் ஆகும்" என்றாய். சரி. அதற்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? நாற்பத்திரண்டில் தொடங்கியவனுக்கு அறுபத்து நாலு ஒன்றும் குறைச்சல் இல்லை. என் கணக்குப்படி அறுபத்தொன்று.

இன்று வேலைக்குப் போனேன். டீ நேரத்தில் எங்கள் பிரிவில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசைக்காரி, "லீவுல தம்பியைப் பார்க்கப் போனீங்களாமே, அவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரிய மாமா வீட்டுக் கூடம் மாதிரியே இருந்தது.

"மணலைக் காவல் காக்குறான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன விதத்தில் சிரிக்க முடியாது. அதற்கு மேல் சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. பதினைந்து நிமிஷ டீ நேரம் ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. மேலதிகாரி கடிகாரத்தைக் காட்ட வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் தெற்கே போய் எண்ணி எழுது. எண் இல்லாமல் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டாவது நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதே. கழுத்தில் துணி சுற்றிக்கொள், காற்று ஆகாது.

இப்படிக்கு,
மணல் காவல்காரனின் அக்கா